ஆய்வுச் சீட்டில் ஐந்து வரி: 20 வயது மோட்டார் சைக்கிளின் குறைகளை எப்படிப் படிப்பது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் தந்தையாரின் 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி 2005ஆம் ஆண்டின் இறுதியில் பதிவானது. மொத்தம் 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு, கடந்த ஆறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றிருக்கிறது. பதிவுச் சான்றை இரண்டாம் முறை புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது, ஆய்வாளர் ஐந்து குறைகளைக் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்: முன் பிரேக் பிடிக்கவில்லை, ஹேண்டில் ஆட்டம், பின் டயர் மாற்ற வேண்டும், ஸ்டாப் லைட்டும் ஹாரனும் வேலை செய்யவில்லை, பின்பக்க நம்பர் பிளேட் விதிப்படி இல்லை. டயரில் பட்டன் தேயவே இல்லையே, இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு இத்தனை குறை எப்படி வரும், இதைச் சரிசெய்வது நியாயமா அல்லது பழைய இரும்புக்குப் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஐந்தும் உண்மையான குறைகளே. முதல் மூன்றும் உயிர் தொடர்பானவை. வண்டி குறைவாக ஓடியிருந்தும் இத்தனை குறைகள் வந்தன என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஓடாமல் நின்றதாலேயே இவற்றில் பெரும்பாலானவை வந்தன என்பதுதான் என் கருத்து. தொழிற்பயிற்சி நிலையத்தில் நீண்ட காலம் இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 15 ஆண்டைக் கடந்த வண்டியில் கிலோமீட்டர் மீட்டர் சொல்வதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இரும்பு ஓடினால் தேயும். ஆனால் ரப்பரும், கிரீஸும், கேபிளுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசையும், பிரேக்கில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பட்டையான லைனரை ஒட்டியிருக்கும் பசையும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காய்ந்துகொண்டேதான் இருக்கும். தினமும் ஓடும் வண்டியில் இவற்றை யாராவது ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்திருப்பார்கள். தாழ்வாரத்தில் நின்ற வண்டியை யாரும் திறக்கவில்லை.

ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊர்களில் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது அவர் வண்டியைப் பார்க்கும் விதத்தில் தெரியும். அவருக்கு ஒரு வண்டிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எதையும் கழற்றிப் பார்க்க அவரால் முடியாது. கையால் அழுத்தி, ஆட்டி, ஓட்டி, எரியவிட்டு, வெளியே தெரிவதை மட்டும் எழுதுகிறார். ஆகவே சீட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் உள்ளே இருக்கும் ஒரு நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அதன் வேரைத் தேடிப் போக வேண்டும். அந்த வரியை மட்டும் மறைத்துவிட்டு மறுநாள் காட்டினால் அநேகமாகத் தேறிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆய்வு நாளுக்கென்று பக்கத்து வண்டியின் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. பிரேக்கிலும் அதையே செய்கிறார்கள்.

முன் பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். ‘முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும்’ என்று சொல்லியே வளர்க்கப்பட்டதால், வண்டி வாங்கிய நாள் முதல் அந்த லீவரைத் தொடாதவர்கள் நம்மிடையே ஏராளம். உண்மையில் வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தை நோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை அந்தச் சக்கரம்தான் செய்ய முடியும். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பிரேக்குகளும் நன்றாக இருந்து, ஒவ்வொரு நொடியிலும் வேகம் 5 மீட்டர் வீதம் குறைந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 12 மீட்டரில் வண்டி நின்றுவிடும். பின் பிரேக்கை மட்டும் நம்பி, அந்த வீதம் 3 மீட்டராக இருந்தால் சுமார் 20 மீட்டர் ஆகும். இடையே உள்ள 8 மீட்டர் என்பது இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம்.

உங்கள் வண்டியில் இருப்பது கேபிளால் இயங்கும் டிரம் பிரேக். லைனர் ஒட்டிய இரண்டு ஷூக்களைக் கேம் என்ற சிறு தண்டு விரித்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உள்சுவரில் அழுத்துவதுதான் இது. இது பலவீனமாக இருந்தால் உடனே புது பிரேக் ஷூ வாங்கிப் போடுவது வழக்கம். அதற்கு முன் நான்கு இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் கேபிளைச் சக்கரப் பக்கத்தில் கழற்றிவிட்டு, மேலே லீவரை ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வர வேண்டும். மணல் உரசுவது போன்ற உணர்வு வந்தால் உள்கம்பி துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் விட்டுப் பயனில்லை, கேபிளை மாற்றுங்கள். லீவர் முனையில் இருக்கும் ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் கம்பியின் இழைகள் ஒன்றிரண்டு அறுந்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும், ஏனெனில் அந்தக் கேபிள் மெல்லப் பிடிக்கும்போது தாங்கும், அவசரத்தில் இறுக்கிப் பிடிக்கும்போதுதான் அறும். அடுத்து, சக்கரத்தின் அருகே கேபிள் இழுக்கும் சிறு நெம்புகோலான பிரேக் ஆர்மைக் கையால் தள்ளிவிட்டு விடுங்கள். அது சட்டென்று திரும்பி வராவிட்டால் கேம் தண்டில் கிரீஸ் காய்ந்து துரு ஏறியிருக்கிறது என்று பொருள். நின்ற வண்டிகளில் முன் பிரேக் பிடிக்காமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். கேமை வெளியே எடுத்து, உப்புத்தாளால் துடைத்து, மிகக் குறைவாகக் கிரீஸ் தடவிப் பூட்டினால் பாதி பிரேக் திரும்பி வந்துவிடும். அதிகம் தடவினால் அது லைனருக்குப் போய் இருக்கிற பாதியையும் கெடுக்கும்.

மூன்றாவது இடம் ஷூ. இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு 18 வயது வண்டி ஒன்று வந்தது. பிரேக் தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி நல்ல நிலையில்தான் இருந்தது. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக முன்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தேன். ஷூவில் ஒட்டியிருக்க வேண்டிய லைனர், காய்ந்த பட்டை வாழைமரத்திலிருந்து உரிவதுபோல, முழு வளைவாக அப்படியே என் கையோடு வந்தது. லைனரின் கனம் சிறிதும் குறையவில்லை. அதை ஒட்டியிருந்த பசை மட்டும் செத்துப்போயிருந்தது. ஓடும்போது அது கழன்றிருந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் ஆப்பு வைத்தாற்போல் சிக்கி, முன்சக்கரத்தை ஒரே கணத்தில் பூட்டியிருக்கும். அந்த வண்டியில் ஒரு தகப்பனார் தன் மகளைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அன்றிலிருந்து 10 ஆண்டுக்கு மேற்பட்ட ஷூவைக் கனம் பார்த்து முடிவு செய்வதை நான் விட்டுவிட்டேன். எவ்வளவு கனமாக இருந்தாலும் மாற்றச் சொல்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நான்காவது, டிரம்மின் உள்சுவர். விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஓரத்தில் படி போல் தடுக்கிறதா என்று பாருங்கள். 130 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள டிரம் 131 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் அதன் காலம் முடிந்தது. தேய்ந்த டிரம்மையும் தேய்ந்த ஷூவையும் மறைக்க, பிரேக் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. லீவர் உடனே இறுக்கமாகிவிடும், ஆய்விலும் தேறும். ஆனால் கேம் தன் எல்லையைத் தாண்டிச் சுழன்று, பிடித்த பிரேக் திரும்பாமல் நின்றுவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. தேய்மானத்தைக் காட்ட வேண்டிய அம்புக்குறியும் பொய் சொல்லத் தொடங்கிவிடும். பிரேக்கை முழுதாகப் பிடித்த நிலையில் கேபிளும் ஆர்மும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்க வேண்டும். அதைவிட அதிகமாகச் சாய்ந்து போகிறதென்றால் யாரோ ஏற்கெனவே பல் தள்ளியிருக்கிறார்கள்.

ஹேண்டில் ஆட்டம் என்று ஆய்வாளர் எழுதியது மூன்று வெவ்வேறு குறைகளில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். பிரித்தறியாமல் கடையில் ‘கோன் செட் மாற்றுங்கள்’ (ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் குண்டுகளும் கிண்ணங்களும்) என்று சொன்னால் பணம் வீணாகும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்குங்கள். சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘டக்’கென்று ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங். முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களான ஃபோர்க்கின் கீழ்முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது, மேலே ஹேண்டில் கழுத்தில் வைத்த உங்கள் நண்பரின் விரலுக்கு அசைவு தெரிந்தால் அது கோன் செட். கழுத்தில் அசைவே இல்லாமல் ஃபோர்க்கின் குழாய்களுக்கு இடையில் மட்டும் அசைந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஃபோர்க்கில் பெரும்பாலும் ஆயில் சீலும் போய் எண்ணெய் வழிந்த தடம் இருக்கும், அந்த எண்ணெய் முன் பிரேக்குக்குள் இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கோன் செட்தான் என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. சக்கரம் தூக்கிய நிலையில் ஹேண்டிலை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல் தட்டினால், பல ஆண்டுகளாக நேராகவே ஓடி நேராகவே நின்றதால் குண்டுகள் கிண்ணத்தில் குழி போட்டுவிட்டன. இந்த நிலையில் நட்டை இறுக்கினால் ஆட்டம் மறையும், ஆய்வாளரின் கைக்கும் தெரியாது. ஆனால் ஓட்டுபவருக்கு வண்டி அந்தக் குழியை விட்டு வெளியே வர மறுப்பதுபோல் இருக்கும். மெதுவாகப் போகும்போது நெளிந்து நெளிந்து போகும், சட்டென்று ஒதுங்க வேண்டிய நேரத்தில் ஒரு கணம் தாமதிக்கும். இறுக்குவதைத் தவிர்த்துவிட்டு, மேலும் கீழும் கிண்ணங்களோடு முழு செட்டாக மாற்றுங்கள். பழைய குண்டுகளை எண்ணி வைத்துக்கொண்டு பூட்டச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தாலும் மற்றவை விலகி இடம் மாறும்.

டயர் பற்றிய உங்கள் வருத்தம் புரிகிறது. பட்டன் ஆழம் மட்டும் கணக்கு என்றால் உங்கள் டயர் தேறியிருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆவது விதி இருசக்கர வாகனங்களுக்குக் குறைந்தபட்சம் 0.8 மில்லிமீட்டர் ஆழம்தான் கேட்கிறது. ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக 1811 என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணின் பொருள் 2011ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பதாகும். இவ்வளவு பழைய ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பதியாது, மேசை விளிம்பை அழுத்துவது போலிருக்கும். காற்றைச் சற்றுக் குறைத்துப் பக்கச்சுவரை விரலால் வளைத்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கும். மழை தூறிய முதல் பத்து நிமிடத்தில், சாலையில் எண்ணெய்ப் பசை மேலே வரும் நேரத்தில், இந்த டயர் பிடிக்காது. ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தது அவருடைய அனுபவத்தைக் காட்டுகிறது. டயரோடு ட்யூபையும் ரிம்மில் சுற்றும் ரப்பர் பட்டையையும் மாற்றுங்கள். ட்யூப் டயரில் வால்வின் அடிப்பகுதி கிழிந்தால் காற்று மெதுவாக இறங்காது, ஒரேயடியாகப் போய்விடும். டயர் கழன்றிருக்கும்போதே ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சிறு ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மணி போல் ஒலிப்பவை நடுவே ஒன்று மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்தது. கோட்டம் எடுப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. முன் டயரின் எண்ணையும் பார்த்துவிடுங்கள். பின் டயரை மட்டும் எழுதியதால் முன் டயர் நன்றாக இருக்கிறது என்று கருதிவிடக் கூடாது.

ஸ்டாப் லைட், ஹாரன் என்று இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தாலும் காரணம் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்: பேட்டரி. இந்த வகை வண்டிகளில் இக்னிஷனுக்குப் பேட்டரி தேவையில்லை, ஹெட்லைட்டும் இன்ஜின் சுழற்சியிலிருந்து நேரடியாக எரிகிறது. ஆகவே பேட்டரி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆனாலும் கிக்கரை உதைத்தால் வண்டி ஓடும், உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. ஹாரனும், ஸ்டாப் லைட்டும், இண்டிகேட்டரும் மட்டும் சத்தமில்லாமல் நின்றிருக்கும். பேட்டரியை மாற்றியபின் வண்டி ஓடாத நிலையில் 12.6 வோல்ட்டுக்கு அருகிலும், ஆக்ஸிலரேட்டரை ஓரளவு முறுக்கிய நிலையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரையிலும் வோல்ட் மீட்டர் காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. அப்படியும் ஸ்டாப் லைட் எரியாவிட்டால், பின் பிரேக் பெடலோடு சுவிட்சை இணைக்கும் சின்ன ஸ்பிரிங்கைப் பாருங்கள், பெரும்பாலும் துருப்பிடித்து அறுந்திருக்கும். முன் பிரேக் லீவரைப் பிடித்தாலும் விளக்கு எரிகிறதா என்று தனியாகப் பாருங்கள். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மினுக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு மாற்றிய வண்டிகளில் அது மிக வேகமாகத் துடிக்கும், மினுக்கவைக்கும் ஃபிளாஷரை அதற்கேற்றதாகப் போட்டால் அடங்கும்.

நம்பர் பிளேட் எளிது. பின்பக்கத் தகட்டில் எழுத்துகள் 35 மில்லிமீட்டரும் எண்கள் 40 மில்லிமீட்டரும் உயரம் இருக்க வேண்டும், அலங்கார எழுத்து கூடாது. இதைவிட முக்கியமான ஒன்றை எச்சரிக்க விரும்புகிறேன். ஆய்வின்போது சேஸிஸ் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பழைய வண்டிகளில் அந்த எண் இருக்கும் ஹேண்டில் கழுத்துப் பகுதி அழுக்கும் துருவும் ஏறி மங்கியிருக்கும். அதைத் தெளிவாக்குகிறேன் என்று உப்புத்தாளோ அரமோ கொண்டு தேய்த்துவிடாதீர்கள். எண் சிதைந்தால் வண்டி திருட்டு வண்டியோ என்ற ஐயத்துக்கு ஆளாகி, நேர்மையான உரிமையாளர் மாதக்கணக்கில் அலைய நேரும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷே போதும். முன்பு எப்போதாவது இன்ஜினை மாற்றியிருந்தால் அது பதிவுச் சான்றில் ஏறியிருக்கிறதா என்பதையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் எழுதப்படாத, ஆனால் 20 வயது வண்டியில் நான் கட்டாயம் பார்க்கும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பெட்ரோல் குழாய் முதலாவது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்; உங்கள் வண்டியின் ரப்பர் பாகங்கள் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நின்ற டேங்கின் அடியில் நீர் தங்கித் துரு வைக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாயை வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா, பெட்ரோல் டேப்பின் கீழ் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் விலையை நினைத்துத் தயங்காமல் மாற்றுங்கள். சூடான இன்ஜினுக்கு மேல் சொட்டுவது பெட்ரோல்.

செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி நீளத்தை அளந்து பாருங்கள். 428 அளவுச் செயினில் அது புதிதில் 254 மில்லிமீட்டர். 259ஐ எட்டிவிட்டால் பற்சக்கரங்களோடு சேர்த்து மாற்ற வேண்டும். செயினைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அருகே இருக்கும் சேலைத் தடுப்பு. விதி 123இன்படி பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட் ரெஸ்ட்டும், பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைத்து உடை சிக்காமல் காக்கும் தடுப்பும் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் இதை அழகு கெடுகிறது என்றோ துருப்பிடித்தது என்றோ கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிப் பெண்கள் விழுந்து இறக்கும் செய்தி நம் நாளிதழ்களில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் வண்டியில் அது இல்லையென்றால், ஆய்வாளர் கேட்காவிட்டாலும், உங்கள் தாயார் அந்த வண்டியில் ஏறுவதற்கு முன் வாங்கி மாட்டுங்கள்.

புகைச் சான்று இருந்தாலும் புகையைக் கண்ணாலும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு மார்ச் 31க்குப் பின் செய்யப்பட்ட உங்கள் வகை நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.மும் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) உச்ச வரம்பு. மோனாக்சைடு கூடினால் காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகம் வருகிறது. நீலப்புகை வேறு கதை: காலையில் கிளப்பும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு சீல், ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போரும் இதே கேள்வியைக் கேட்பதால் ஒரு குறிப்பு. யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற, 1996ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு அந்தக் காலத்து வரம்பான 4.5 சதவீதமும் 9,000 பி.பி.எம்.மும்தான் பொருந்தும், ஒழுங்காகப் பராமரித்தால் இன்றும் தேறும். அவை ஆய்வில் அதிகம் மாட்டுவது சைலன்ஸரால். சத்தத்துக்காக, உள்ளே ஒலியை அடக்கும் குழாயான பாஃபிளை எடுத்துவிடுவது சட்டப்படியும் தவறு, இன்ஜினுக்கும் கெடுதல், ஏனெனில் இரண்டு ஸ்ட்ரோக்கில் சைலன்ஸரின் பின்னழுத்தமும் இன்ஜின் வடிவமைப்பின் ஒரு பகுதி. பெட்ரோலோடு கலக்கும் டூ-டி ஆயில் அளவைக் குறைத்தும் புகை அடங்கவில்லை, கியர் ஆயிலும் குறைகிறது என்றால், கிராங்கின் ஆயில் சீல் போய் கியர்பாக்ஸ் எண்ணெயை இன்ஜின் உறிஞ்சுகிறது என்று பொருள்.

சட்டப் பக்கம். தமிழ்நாட்டில் 15 ஆண்டு ஆனதும் இருசக்கர வாகனத்தை ஒழித்துவிட வேண்டும் என்ற விதி இல்லை. டெல்லி தலைநகர்ப் பகுதிக்கான தடையைக் கேள்விப்பட்டுப் பலர் இங்கும் அப்படியென்று அஞ்சுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 41ஆவது பிரிவின்படி முதல் பதிவு 15 ஆண்டு செல்லும், பின்னர் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். விண்ணப்பம் படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிலிருந்து கொடுக்கலாம். 15 ஆண்டைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.1,000, 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கையின்படி ரூ.2,000, வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு ரூ.300 கூடும். பசுமை வரி ரசீது, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும்; உங்கள் வகை வண்டிக்குப் புகைச் சான்று 6 மாதமே செல்லும். புதுப்பிக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 45ஆவது பிரிவு சொல்கிறது, அந்த ஆணை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய 57ஆவது பிரிவு இடம் தருகிறது. உங்கள் விஷயத்தில் அதற்குத் தேவை வராது. குறைகளைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். காலாவதியான பதிவோடு சாலையில் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

பழைய இரும்புக்குப் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இன்ஜின் நீலப்புகை விடாமல், சேஸிஸில் கழுத்துப் பகுதியிலும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மாட்டும் இடத்திலும் துரு ஓட்டை விழாமல் இருந்தால் போட வேண்டாம். அந்த இரண்டு இடங்களில் ஸ்குரூ டிரைவரின் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன், வெல்டிங் வைத்து ஒப்பேற்றவும் சம்மதிக்க மாட்டேன். இறங்காவிட்டால் மற்ற அனைத்தும் கடையில் கிடைக்கும் சிறு பாகங்களே.

வேலையை இந்த வரிசையில் கொடுங்கள். முதல் நாள் இரண்டு சக்கரங்களும் கழலட்டும்: டயர், ட்யூப், ஸ்போக்ஸ், வீல் பேரிங், பிரேக் ஷூ, கேம் ஆகியவற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம், கூலியும் மிச்சம். முன்சக்கரம் கழன்றிருக்கும்போதே கோன் செட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பேட்டரியும் விளக்குகளும் அடுத்த நாள். பூட்டி முடித்ததும், பின் பிரேக் பிளேட்டைச் சேஸிஸோடு பிணைக்கும் டார்க் ராடின் போல்ட்டில், நட்டு கழலாமல் தடுக்கும் ஊசியான காட்டர் பின் செருகியிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். சக்கரம் மாட்டும் அவசரத்தில் அதிகம் மறக்கப்படுவது அதுதான். புது ஷூ டிரம்மோடு ஒத்து உட்காரச் சிறிது தூரம் ஓட வேண்டும் என்பதால், முடித்த கையோடு ஆய்வுக்குப் போகாமல், ஆள் நடமாட்டம் இல்லாத திடலில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பத்துப் பத்து முறை பிடித்துப் பழக்குங்கள். அங்கே நேராக நிற்கிறது என்று உறுதியான பிறகு ஆய்வாளரிடம் கொண்டுபோங்கள். பதிவு புதுப்பித்து 300 கிலோமீட்டர் ஓடியதும் கோன் நட்டையும் ஸ்போக்ஸையும் மறுபடி ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். புதுக் குண்டுகள் கிண்ணத்தில் அமர்ந்தபின் நட்டு இலேசாகத் தளர்வது இயல்பு.